ஒரு ஆங்கிள் போதும்

அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஓய்வூதியப் புத்தகத்தை விட்டால் அந்தப் பெயருக்கு வேறு எங்கும் வேலை இல்லை. தெருவில் அவர் ஆங்கிள். பெரியவர்களுக்கு ஆங்கிள் சார், பிள்ளைகளுக்கு ஆங்கிள் அங்கிள். பேருந்துக்கு உடம்பு கட்டும் பட்டறையில் முப்பத்து நான்கு வருஷம் இருக்கை பொருத்தும் பிரிவில் இருந்தவர். நெடுக்கில் பாதியாக மடித்தது போல இருக்குமே ஒரு இரும்புப் பட்டை, அதற்குத்தான் பட்டறையில் ஆங்கிள் என்று பெயர். அதை எங்கே கொடுத்தாலும் எந்த ஆட்டமும் நின்றுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. சிலர் கடவுளை நம்புவார்கள், சிலர் மாத்திரையை நம்புவார்கள், இவர் இதை நம்பினார்.

எந்தப் பொருளைக் கண்டாலும் முதலில் இரண்டு விரலால் தட்டுவார். அடுத்து ஆட்டிப் பார்ப்பார். பிறகு, டாக்டர் கையை விரிப்பது போல, "இது நிக்காது" என்பார். மறுநாள் அந்தப் பொருளுக்கு ஆங்கிள் வந்துவிடும். சாப்பாட்டு மேசை நாற்காலி ஒவ்வொன்றுக்கும் கால் நான்கு, ஆங்கிள் எட்டு. ஒரு நாற்காலியை நகர்த்த இரண்டு ஆள் வேண்டும் என்பதால், விருந்தாளிகள் நாற்காலி எங்கே இருக்கிறதோ அங்கே போய் உட்காரப் பழகிக்கொண்டார்கள். மகள் மூன்றாம் வகுப்பு படித்தபோது அவளுடைய பள்ளிப் பெட்டிக்கு மூலைக்கு ஒன்று கொடுத்தார். பெட்டி கைதவறி விழுந்ததில் வகுப்பறைத் தரை பெயர்ந்துவிட்டதாக ஆசிரியையிடமிருந்து சீட்டு வந்தது. மனைவியின் குடைக்கும் ஒரு கம்பி கட்டிக் கொடுத்தார். அந்த மழைக்காலத்தில் எத்தனை காற்று அடித்தும் குடை மடங்கவே இல்லை. பிடித்துக்கொண்டிருந்த மனைவிதான் பத்தடி தள்ளிப் போய் நின்றாள்.

மனைவி அவருக்குக் கிடைத்ததும் இந்த வழியில்தான். பட்டறையில் வேலைக்குச் சேரும்போது ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொன்னார்கள். பரிசோதனை நிலையத்தில் காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சு இவர் உட்கார்ந்ததும் ஒரு காலை மடக்கிக்கொண்டு படுத்துவிட்டது. கையில் ஊசியோடு வெளியே வந்த பெண், தரையில் கிடந்த இவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் ஊசியைக் கீழே போட்டுவிட்டாள். மறுநாள் இவர் இரண்டு ஆங்கிளும் ஒரு டிரில்லுமாக வந்து, யாரையும் கேட்காமல் பெஞ்சைப் பழுது பார்த்தார். அதற்கடுத்த நாள் பெஞ்சு நிற்கிறதா என்று பார்க்க வந்தார். அடுத்த ஒரு மாதமும் தினம் வந்து பார்த்தார். பெஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை. கடைசியில் அந்தப் பெண்ணே, "பெஞ்சு நல்லாத்தான் இருக்கு. வேற ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டாள். இவருக்கு வியர்த்துக் கொட்டியது. அப்படியும் சொல்லிவிட்டார்.

மகள் பிறந்ததும் மனைவி வேலையை விட்டாள். மகள் வளர்ந்து, படித்து, வேறு ஊரில் வேலைக்குப் போய், தன் நாற்காலிகளைத் தானே வாங்கிக்கொள்ளும் நிலைக்கு வந்ததும், மனைவி ஒரு நாள் தன் பழைய சான்றிதழை எடுத்துத் தூசி தட்டினாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர ஆள் வேண்டும் என்று ஒரு பரிசோதனை நிலையம் கேட்டிருந்தது. சொந்த வண்டி இருக்க வேண்டும், தானே ஓட்ட வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தாள். இரண்டு முறை தோற்று, மூன்றாம் முறை உரிமம் வாங்கினாள். அடுத்த திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு முதல் வீடு. முதல் நாளே தாமதமானால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அதை நிலையத்து அம்மாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள்.

இடையில் நின்றது கார் ஷெட் கதவு ஒன்றுதான். நான்கு தகரப் பலகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கீலில் கோத்த கதவு அது. தூக்கினால் இரண்டு பக்கத் தண்டவாளத்தில் உருளைகள் ஓடி, வளைந்து, கூரைக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பாரத்தில் பெரும்பகுதியை மேலே உள்ள ஸ்பிரிங் சுமக்கும், மிச்சத்தைக் கை சுமக்க வேண்டும். அவளுக்கோ இரண்டு வருஷமாகத் தோள்பட்டை இறுகிப்போய், கையைத் தலைக்கு மேல் தூக்கவே கூடாது என்பது டாக்டர் கட்டளை.

"அதுக்கென்ன, நான் திறந்து விடறேன்" என்றார் இவர்.

"நான் போற நேரம் வர்ற நேரமெல்லாம் நீங்க வாசல்ல காத்துக்கிட்டு நிக்கணுமா? எனக்கு ஒரு பொத்தான் போதும். நான் அமுக்கணும், அது திறக்கணும்."

பொத்தான் என்ற சொல் இவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை மோட்டார்காரர் வந்தார். கதவு மோட்டார் பொருத்துவதே தொழிலாக உள்ளவர். ஏணியில் நின்றாலும் கைப்பேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசுகிற ஆள். காரை வெளியே எடுக்கச் சொல்லி, ஷெட் கூரையில் மோட்டாரைத் தொங்கவிட்டு, அதிலிருந்து கதவுவரை நீளமான ஒரு தண்டவாளம் பூட்டினார். மோட்டார் ஓடினால் அந்தத் தண்டவாளத்தில் ஒரு இரும்புக் கை பின்னோக்கிப் போகும், கதவின் மேல் பலகையை நடுவில் பிடித்து இழுத்துக்கொண்டே போகும். எல்லாம் பூட்டிவிட்டுக் கடைசியில் கதவின் மேல் பலகையை இரண்டு விரலால் தட்டினார். தகரம் உள்ளே குழிந்து, பிளக் என்று வெளியே வந்தது.

"சார், இது நிக்காது" என்றார் மோட்டார்காரர்.

ஆங்கிளுக்கு ஒரு கணம் காது அடைத்துவிட்டது. முப்பது வருஷமாக அந்தச் சொல்லை இந்த வீட்டில் சொன்ன ஒரே வாய் அவருடையது. அதற்குக் கிடைத்ததெல்லாம் சிரிப்பு, பெருமூச்சு, மகளின் முகச்சுளிப்பு, மைத்துனனின் கேலி. இப்போது தொழில் தெரிந்த ஒரு மனிதர், ஏணி மேல் நின்றுகொண்டு, தானாக, யாரும் கேட்காமல் சொல்கிறார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏம்மா, கொஞ்சம் இங்க வா!" என்று கூப்பிட்டார்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மோட்டார்காரர் மறுபடி விளக்கினார். "கை பிடிக்கிற இடத்துல கதவு வெறும் தகரம்மா. மொத்த இழுப்பும் அந்த ஒரு இடத்துலதான் விழும். அப்படியே விட்டா, நாள்பட மடங்கிப் பிச்சுக்கிட்டு வந்துடும். பின்னாடி இரும்பு கொடுத்தாத்தான் நிக்கும்."

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் கேட்க வேண்டுமா? ஆங்கிள் மனைவியைப் பார்த்த பார்வையில் முப்பது வருஷத்து வழக்குக்குத் தீர்ப்பு வந்த களை இருந்தது. "நானே கொடுத்துடறேன். உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றார்.

மோட்டார்காரருக்கு இன்னும் மூன்று வீடு பாக்கி. "அப்ப ரொம்ப நல்லது சார். மேல் பலகைக்குக் குறுக்கே ஒரு ஆங்கிள் போதும். நடுவுல, கையைக் கதவோட பூட்டற என் பிளேட்டு வரும். ஞாயித்துக்கிழமை வந்து பூட்டிடறேன்" என்று சொல்லிவிட்டு, காதில் இடுக்கிய கைப்பேசியோடு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஒரு ஆங்கிள் போதும் என்ற வாக்கியத்தை ஆங்கிள் அதுவரை கேட்டதில்லை. கேட்டும் காதில் ஏறவில்லை.

காரை ஷெட்டில் விட்டுக் கதவை மூடி, காருக்குப் பழைய போர்வை போர்த்திவிட்டு, வெள்ளிக்கிழமை காலை வேலையைத் தொடங்கினார். முதலில் சுண்ணாம்புக்கட்டியால் மேல் பலகையின் நடுவில் ஒரு கட்டம் போட்டார். பட்டறையில் அது சட்டம். ஒரு பிரிவு வேலை செய்ய வேண்டிய இடத்தைச் சுண்ணாம்பில் கட்டம் போட்டு வைத்தால், வேறு பிரிவுக்காரன் அந்தக் கட்டத்துக்குள் ஒரு துளைகூடப் போடக் கூடாது. அப்படிப் போட்ட ஒருவனை இவர் காலத்தில் வேலையை விட்டே அனுப்பினார்கள். நடுவில் மோட்டார்காரர் பிளேட் வரும், ஆகவே நடு மோட்டார்காரருடைய இடம். ஆங்கிள் தன் ஆங்கிளை இரண்டாக அறுத்து, கட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பூட்டினார். கட்டத்துக்குள் ஒரு ஊசிமுனைகூடப் படவில்லை. அந்த ஒழுங்கில் அவருக்கு அத்தனை பெருமை. அவர் பூட்டிய இரும்பில் ஒரு அங்குலம்கூட, இரும்பு வேண்டிய அந்த ஒரே இடத்தில் இல்லை என்பது மட்டும் உறைக்கவில்லை.

மேல் பலகை முடிந்ததும் இரண்டாவது பலகையைத் தட்டினார். அதுவும் குழிந்தது. மேலே இருப்பவன் பலமாகி, கீழே இருப்பவன் சோனியாக இருந்தால் நியாயமா? அதற்கு இரண்டு கொடுத்தார். மூன்றாவதற்கு இரண்டு. நான்காவது தரையில் மோதுகிற பலகை, அதற்கு மூன்று. சனிக்கிழமை காலை, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க மேலிருந்து கீழாகப் பலகைக்குப் பலகை துண்டு போட்டு இரண்டு வரிசை. வரிசையை ஒன்றாகக் கணக்கு வைத்தால் மொத்தம் பதினொன்று.

வேடிக்கை பார்க்க வந்த மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, அடுத்த தெருக்காரன், கதவை மேலும் கீழும் பார்த்தான். "மாமா, உள்ள யாரை வெச்சுப் பூட்டப்போறீங்க?"

"இதெல்லாம் உனக்குப் புரியாது மச்சான். இழுப்பு ஒரு இடத்துல விழுந்தாலும் அதிர்வு எல்லா இடத்துக்கும் போகும்."

மனைவி பின்னால் வந்து நின்றாள். "ஜெயில் கதவு மாதிரி இருக்கு" என்றாள்.

அது வாஸ்தவம் என்று அவருக்கே பட்டது. ஆங்கிள்கள் தெரியாமல் இருக்க, கதவின் உட்புறம் முழுவதும் பலகைக்குப் பலகை மெல்லிய தகடு அடித்து மூடினார். அடித்தது தகடானாலும் அதுவும் இரும்புதானே? பாரம் இன்னும் ஏறியது. மேலே வெளிர் மஞ்சள் பெயின்ட் அடித்தார். பார்க்க ஒரே பலகையாக, கல்யாண வீட்டுச் சுவர் போலப் பளபளவென்று இருந்தது.

கடைசிப் போல்ட்டுகளைப் பூட்டும்போது மனைவி மறுபடி வந்து நின்றாள். கதவைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. நான் வேலைக்குப் போகக் கூடாதுன்னு இருக்கா உங்களுக்கு?"

ஆங்கிள் வாயில் நான்கு போல்ட்டுகளைக் கவ்வியிருந்தார். வேலை நேரத்தில் போல்ட்டை உதட்டில் வைத்துக்கொள்வது பட்டறைப் பழக்கம். "ம்ம்" என்றார். அது ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. துப்பிவிட்டுப் பதில் சொல்லியிருக்கலாம். துப்பவில்லை. காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை அவள் இல்லாத வீட்டை அவர் மனதுக்குள் தட்டிப் பார்த்திருந்தார். அது நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்கு எந்த இடத்தில் ஆங்கிள் கொடுப்பது என்பதுதான் தெரியவில்லை.

அவள் உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார்காரர் வந்து கதவைத் தட்டினார். பக்கவாட்டில் தட்டிய இடமெல்லாம் கோயில் மணிக்குப் பக்கத்தில் நின்றது போலச் சத்தம் வந்தது. "அடேங்கப்பா! எத்தனை சார் கொடுத்தீங்க?"

"பதினொண்ணு" என்றார் ஆங்கிள் அடக்கமாக.

பதினொன்று கொடுத்த மனிதர் நடுவில் கொடுக்காமல் விட்டிருப்பாரா என்று மோட்டார்காரர் நினைத்தார். அது நியாயமான நினைப்பு. நடுவில் மட்டும் தட்டிப் பார்க்காமல், பிளேட்டை வைத்துத் திருகாணியை இறக்கினார். வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் காதில் கைப்பேசி இருந்தது, அதில் அவர் அடுத்துப் போக வேண்டிய வீட்டுக்காரர் இருந்தார்.

பொத்தானை அமுக்கும் உரிமை மனைவிக்கு. மூவரும் வரிசையாக நின்றார்கள். மைத்துனன் கைப்பேசியில் படம் பிடித்தான். அவள் அமுக்கினாள்.

மோட்டார் உறுமியது. இரும்புக் கை விறைத்தது. கதவு அசையவில்லை. மோட்டார் இன்னும் கொஞ்சம் மூச்சுப் பிடித்தது. பிறகு டர்ர்ர் என்று ஒரு சத்தம். கதவின் நடுவிலிருந்து ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தகரமும் தகடும் வட்டமாகப் பிய்ந்து வந்தன. அந்த வட்டத்தைப் பிடித்துக்கொண்டு இரும்புக் கை தண்டவாளத்தில் நிதானமாக, ஊர்வலம் போவது போல, ஷெட்டின் கடைசிவரை போய் நின்றது. மோட்டாரில் பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறந்துவிட்டதாக அதன் நினைப்பு.

நடுவில் இருந்த ஓட்டை வழியாக எதிர்வீட்டு வக்கீல் தெரிந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், இவர்களைப் பார்த்துக் கையசைத்தார்.

"நடுவுல ஏன் சார் விட்டீங்க?" என்றார் மோட்டார்காரர், குரலே வராமல்.

"நடு உங்க இடம்னு நீங்கதானே சொன்னீங்க!"

"என் பிளேட்டு வரும்னு சொன்னேன் சார். அந்தப் பிளேட்டுக்குப் பின்னாடி கொடுக்கத்தானே ஆங்கிளே!"

"அடுத்தவர் கட்டத்துல நான் எப்படித் துளை போடறது?" என்றார் ஆங்கிள். அவருக்கு இன்னமும் தன் பக்கம்தான் சரி என்று இருந்தது.

கையால் தூக்கிப் பார்த்தார்கள். மூன்று ஆண்கள் முக்கியும் கதவு தரையோடு தரையாக இருந்தது. பழைய பாரத்துக்கு அளந்து போட்ட ஸ்பிரிங் பதினொரு ஆங்கிளையும் அத்தனை தகட்டையும் எப்படிச் சுமக்கும்? மோட்டார்காரர் தலையைச் சொறிந்தார். எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், மேல் பலகைக்குப் புதுத் தகரம் வேண்டும், திங்கள் மதியம்தான் வர முடியும். இதைச் சொல்லிவிட்டு அவர் போனார். கார் உள்ளே இருந்தது.

மனைவி திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆங்கிளுக்குப் பாரம் இறங்கியிருக்கும். அவள் சாதம் போட்டாள், தண்ணீர் வைத்தாள், மறுநாளுக்கு வெள்ளைக் கோட்டை இஸ்திரி போட்டாள். இஸ்திரிப் பெட்டி கோட்டின் மேல் போய்வந்த ஒவ்வொரு தடவையும் இவருடைய நெஞ்சின் மேல் போய்வந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு அவளுடைய கைப்பேசி அடித்தது. முதல் வீட்டுக்காரர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், சர்க்கரை நோயாளி. ரத்தம் எடுக்கும்வரை வெறும் வயிற்றோடு இருக்க வேண்டியவர். "எட்டரைக்கு வந்துடுவீங்கல்லம்மா? இங்க காப்பி போட்டு மூடி வெச்சிருக்கு. நான் அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன்" என்றார். "வந்துடறேன் சார்" என்றாள் அவள். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, ரத்தக் குப்பிகள் வைக்கும் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளிருந்து ஷெட்டுக்குப் போகும் வழியில் போய், போர்வையை உருவிப் போட்டுவிட்டு, காரில் ஏறி உட்கார்ந்தாள். கார் மூக்கை உள்ளே வைத்து நின்றது. பின்புறம் மூடிய கதவு. கண்ணாடியில் அந்த வெளிர் மஞ்சளைப் பார்த்தபடி, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஆங்கிள் அதைப் பார்த்தார். செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார்.

மைத்துனனைத் தூக்கத்திலிருந்து இழுத்து வந்தார். எதிர்வீட்டு வக்கீல் ஓட்டை வழியாகவே எல்லாவற்றையும் பார்த்துவிட்டதால் தானாக வந்தார். பேப்பர்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார். நடைப்பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர், யார் என்றே தெரியாது, "ஒரு கை பிடிங்க" என்றதும் வந்துவிட்டார்கள். ஆங்கிளோடு ஆறு பேர். கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பினார்கள். விரல் நுழைய இடம் கிடைத்தது. இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் காருக்கு வழி விட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, "ஏலேலோ" போட்டுத் தூக்கினார்கள். முட்டிவரை வந்தது. இடுப்புவரை வந்தது. தோளைக் கொடுத்து, தலையைக் கொடுத்து, கடைசியில் ஆறு பேரும் கைகளை மேலே நீட்டி, மழையில் பந்தலைத் தாங்குகிறவர்கள் போல நின்றார்கள்.

"போம்மா! எடு வண்டிய!" என்று கத்தினார் ஆங்கிள்.

மனைவி முதலில் இருக்கையை ஒரு பல் முன்னால் நகர்த்தினாள். சரியாக இல்லை போல, பின்னால் நகர்த்தினாள். உள்கண்ணாடியைத் திருத்தினாள். இடது கண்ணாடியைப் பார்த்தாள், வலது கண்ணாடியைப் பார்த்தாள். சீட் பெல்ட்டை இழுத்தாள். பாதியில் சிக்கியது. விட்டாள், அது சுருண்டு உள்ளே போனது. மறுபடி மெதுவாக இழுத்தாள்.

"அக்கா!" என்றான் மைத்துனன்.

"பள்ளிக்கூடத்துல இப்படித்தான்டா சொல்லிக் கொடுத்தாங்க" என்றாள் அவள்.

பெல்ட் மாட்டிய சத்தம் கேட்டதும் ஆறு பேரும் மூச்சு விட்டார்கள். அவசரப்பட்டுவிட்டார்கள். அவள் கண்ணாடியை இறக்கி, "வாசல் கேட் திறந்திருக்கா?" என்று கேட்டாள். பேப்பர்காரர் அழுகிற குரலில் திறந்திருக்கிறது என்றார். வண்டி கிளம்பியது. எறும்பு தோற்றுவிடும் வேகத்தில் பின்னால் வந்தது. சரியாகக் கதவுக்கு நேர் கீழே வந்ததும் நின்றது. ஜன்னல் ஆங்கிளின் முகத்துக்கு அரையடியில் இருந்தது. வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்கக் கை இல்லை.

"ஏங்க, இது நிக்குமா?" என்று கேட்டாள்.

"நிக்கும்!" என்றார் ஆங்கிள். "நிக்கும், நீ போ!"

மைத்துனன் கதவைத் தாங்கியபடியே தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். "அக்கா, மாமா நிக்கும்னு சொல்லிட்டாருக்கா! இனிமே உலகத்துல எதுவும் நடக்கலாம், கிளம்பு!"

கார் வெளியே போனது. விளக்குக் கம்பத்துக்கு முன்னால் நின்று, இன்டிகேட்டர் போட்டு, காலித் தெருவில் இரண்டு பக்கமும் பார்த்து, திரும்பியது. அப்போது மணி எட்டு பத்து. ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஆறு பேரும் கையை எடுத்துத் துள்ளி விலகினார்கள். கதவு விழுந்த சத்தத்தில் வக்கீல் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது. அது இன்றுவரை எட்டு பத்தே காட்டுகிறது என்று வக்கீல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. ஆங்கிள் எட்டு ஆங்கிள் நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், அடுப்படிக்குப் போனார், எதற்குப் போனோம் என்று தெரியாமல் திரும்பி வந்தார். பயந்தது போலவே இருந்தது. ஆனால் ஒன்றும் இடிந்து விழவில்லை. எட்டு நாற்பதுக்குக் கைப்பேசியில் ஒரு படம் வந்தது: ஒரு பெரியவர், கையில் பஞ்சு ஒட்டிய பிளாஸ்திரி, உதட்டில் காப்பி டம்ளர், முகத்தில் அத்தனை நிம்மதி. அதை இவர் நான்கு தடவை பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் பூட்டியதைத் தானே கழற்றினார். தகட்டைப் பிரித்தார். பதினொரு ஆங்கிளையும் ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் சாய்த்தார். ஒவ்வொரு போல்ட்டும் கழலும்போது பல்லைப் பிடுங்குவது போல இருந்தது. அப்படியும் நிறுத்தவில்லை. மதியம் மோட்டார்காரர் புது மேல் பலகையோடு வந்தபோது, கதவை ஒரு கையால் தூக்கிக் காட்டினார்.

மேல் பலகைக்குக் குறுக்கே ஒரு ஆங்கிள், அறுக்காமல், முழுசாக. அதன் நடுவில், உள்ளங்கை அளவுக்கு மோட்டார்காரர் பிளேட். அவ்வளவுதான். "ஒண்ணு போதும்னு அன்னைக்கே சொன்னேனே சார்" என்றார் மோட்டார்காரர். அவர் போன பிறகு ஆங்கிள் இரண்டாவது ஆங்கிள் ஒன்றைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு திரும்பச் சாய்த்து வைத்துவிட்டார்.

நான்கு பத்துக்கு, யாரும் தொடாமல், மோட்டார் உறுமியது. கதவு ஒரு நடுக்கமும் இல்லாமல் எழுந்து, வளைந்து, கூரைக்கடியில் போய்ப் படுத்தது. தெருமுனையில் கார், உள்ளே அவள், கையில் பொத்தான். கார் உள்ளே வந்து நின்றது. ஆங்கிள் அந்த உள்ளங்கை அளவு பிளேட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஜன்னல் பக்கம் வந்தார்.

"சனிக்கிழமை ஒண்ணு கேட்டியே" என்றார். "அப்ப வாயில போல்ட்டு இருந்துச்சு."

"இப்ப?"

"இப்ப இல்லை." ஜன்னல் விளிம்பை இரண்டு விரலால் தட்டினார். "ஆமா. நீ போகக் கூடாதுன்னுதான் இருந்துச்சு. எனக்கே தெரியாம இருந்துச்சு. பதினொண்ணு பூட்டினதும் அதுக்குத்தான்னு நினைக்கறேன்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சீட் பெல்ட்டை ஒரே தட்டில் படக்கென்று கழற்றினாள்.

"எனக்குத் தெரியும். அதனாலதான் காலைல இதை அவ்வளவு நேரம் மாட்டினேன்" என்றாள். ஐஸ் பெட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். "பாவம், தம்பிக்குத்தான் கை வலிச்சிருக்கும். போன் போட்டுக் கேளுங்க."